விசா மெடிக்கலில் நோயை மறைக்கலாமா?

கேள்வி: எனக்கு 32 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பால்மரம் வெட்டியவர், இப்போது செம்பனைத் தோட்டத்தில் காவல் வேலை செய்கிறார். நான் பட்டணத்தில் பாலர் பள்ளி ஆசிரியை. கல்யாணமாகிப் பதினேழு மாதம் ஆகிறது. பதிவிலாகாவில் பதிந்துவிட்டு, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினோம். கணவர் இங்கிருந்து படிக்கப் போய் அமெரிக்கக் குடிமகனானவர். நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. எனக்காக அவர் போட்ட மனு அங்கீகாரமாகி, விசாக் கட்டணமும் கட்டியாகிவிட்டது. இந்த நேரத்தில்தான் மார்பில் கட்டி தெரிந்தது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டாம் நிலைப் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் முடிந்துவிட்டது. அடுத்து கீமோ, அதன் பிறகு கதிர்வீச்சு. 'மெடிக்கலில் வாயைத் திறக்காதே, எக்ஸ்ரேயில் நெஞ்சுச் சளியைத்தான் பார்ப்பார்கள், மார்பை யார் பார்க்கப் போகிறார்கள்' என்கிறார் மாமியார். 'பெரிய வியாதிக்காரர்களை அங்கே விடவே மாட்டார்கள்' என்கிறார் பெரியம்மா. ஒரு ஏஜெண்டு, சுற்றுலா விசாவில் போய் அங்கேயே தங்கிவிடலாம் என்கிறார். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், என்னை விட்டுவிடுங்கள் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் போனில் அழுதார். நான் என்ன செய்யட்டும் அக்கா?

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

மனுவைத் திரும்பப் பெற வேண்டாம். மெடிக்கலில் எதையும் மறைக்கவும் வேண்டாம். கீமோ ஏற்றிய வாரத்தில் நீளமான கடிதம் படிக்க உடம்பு இடம் கொடுக்காது என்பதால் இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். மீதியை முடிகிறபோது கொஞ்சம் கொஞ்சமாகப் படியுங்கள். கணவருக்கும் அனுப்புங்கள், இதில் பாதி வேலை அவருடையது.

பெரியம்மா சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டம் உடல்நலத்தைக் காரணம் காட்டி நேரடியாகக் கதவை அடைப்பது நான்கு விஷயங்களுக்குத்தான். பரவக்கூடிய சில தொற்றுநோய்கள், போட வேண்டிய தடுப்பூசிகளைப் போடாமல் இருப்பது, தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நடத்தையோடு சேர்ந்த உடல் அல்லது மனக் கோளாறு, போதைப்பொருள் பழக்கம். தொற்றுநோய் என்றால் தொற்றும் நிலையிலுள்ள காசநோய், தொற்றும் நிலையிலுள்ள தொழுநோய், சிபிலிஸ், கொனோரியா போன்றவை. எச்ஐவிகூட ஒரு காலத்தில் அந்தப் பட்டியலில் இருந்தது. 2010 ஜனவரி 4 முதல் இல்லை. பெரியம்மா காதில் விழுந்த கதைகள் அந்தக் காலத்துக் கதைகளாக இருக்கலாம்.

இந்த நான்கில் ஒன்று இருந்தால் மெடிக்கல் பாரத்தில் 'ஏ வகுப்பு' என்று எழுதுவார்கள். விசாவைத் தடுப்பது அதுதான். புற்றுநோய் அதில் இல்லை. சிகிச்சையோ கண்காணிப்போ தேவைப்படும் கடுமையான நோய் என்று 'பி வகுப்பில்' உங்களைக் குறிக்கலாம். அந்தக் குறிப்பு தடை கிடையாது. இவருக்கு இப்படி ஒரு நோய் இருக்கிறது, முடிவெடுக்கும்போது கவனியுங்கள் என்று மருத்துவர் விசா அதிகாரிக்குத் தரும் தகவல், அவ்வளவே. முடிவை எடுப்பவர் அதிகாரி, மருத்துவர் அல்ல.

இனி மாமியாரின் யோசனை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் இருமினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். அங்கே நோயை மறைப்பது மானத்தைக் காப்பதாகவே நமக்குப் பழகிவிட்டது. என் அம்மா மார்பில் இருந்த கட்டியை இரண்டு வருடம் யாரிடமும் சொல்லாமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, விடிகாலையில் மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தார். எங்களுக்குத் தெரிந்தபோது டாக்டர்களால் செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை. நீங்கள் இரண்டாம் நிலையிலேயே போய்க் காட்டியிருக்கிறீர்கள். அந்தத் தைரியம் மெடிக்கல் நாளிலும் உங்களோடு வரட்டும்.

சட்டத்தில் மறைப்பதற்கு என்ன விலை என்று சொல்கிறேன். விசா பெறுவதற்காக ஒரு முக்கியமான உண்மையைத் தெரிந்தே மாற்றிச் சொன்னதாக அதிகாரி முடிவு செய்தால், அது வாழ்நாள் தடை. அதைத் தாண்ட விலக்கு மனு ஒன்று போடலாம். ஆனால் நீங்கள் போகாவிட்டால் உங்கள் கணவருக்கு மிகக் கடுமையான இன்னல் நேரும் என்று நிரூபிக்க வேண்டும். நான் நியூஜெர்சியில் குடிநுழைவு வழக்கறிஞராக இருந்த பன்னிரண்டு வருடத்தில் அப்படி ஒரு தம்பதியின் கோப்பைப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு இருந்த நோய் விசாவைத் தடுக்கும் நோயே அல்ல. அதைப் பற்றிக் கேட்டபோது சொன்ன பொய்க்காக இரண்டு பேரும் மூன்று வருடம் இரண்டு கண்டத்தில் இருந்தார்கள்.

எங்கே என்ன கேட்பார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் நீங்கள் நிரப்பும் விசா விண்ணப்பத்தில் உடல்நலம் பற்றி வருபவை நான் மேலே சொன்ன நான்கையும் ஒட்டிய கேள்விகள்தான். பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்தான தொற்றுநோய் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று நீங்கள் மனசாட்சியோடு எழுதலாம். புற்றுநோய் தொற்றாது. ஆனால் தூதரகம் நியமித்த மருத்துவரிடம் போகும்போது கதை வேறு. பழைய நோய்கள், ஆஸ்பத்திரியில் தங்கியது, செய்துகொண்ட ஆபரேஷன், இப்போது சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் அவர் கேட்பார், உடம்பையும் பரிசோதிப்பார். அங்கே முழுக்கச் சொல்லுங்கள்.

'எக்ஸ்ரேயில் மார்பை யார் பார்க்கப் போகிறார்கள்' என்று உங்கள் மாமியார் கேட்டாரல்லவா? அதற்கு மருத்துவ ரீதியாகவே பதில் இருக்கிறது. மார்புக்குக் கதிர்வீச்சுக் கொடுக்கும்போது, பக்கத்திலிருக்கும் நுரையீரலின் மேல்பகுதியில் சிலருக்குத் தழும்பு விழும். எக்ஸ்ரேயில் அது பழைய காசநோய்த் தழும்பைப் போலத் தெரியலாம். கதிர்வீச்சு எடுத்ததை நீங்கள் மறைத்திருந்தால், மருத்துவருக்கு அந்தத் தழும்பு எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? காசநோய்ச் சந்தேகம் வந்துவிட்டால் மூன்று முறை சளி எடுத்து, கிருமி வளர்கிறதா என்று எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். விஷயத்தைச் சொன்னாலும் சளிப் பரிசோதனை கேட்கலாம், அது அவர் கடமை. ஆனால் எந்த இடத்தில், எந்தத் தேதிகளில், எவ்வளவு கதிர்வீச்சு என்ற குறிப்பும், சிகிச்சைக்கு முன்பு எடுத்த எக்ஸ்ரேயும் கையில் இருந்தால் அவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அந்த இரண்டையும் ஈப்போ ஆஸ்பத்திரியில் இப்போதே கேட்டு வாங்கி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

தடுப்பூசியிலும் ஒரு சங்கதி உண்டு. தட்டம்மை, சின்னம்மை ஊசிகளில் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து வைத்திருப்பார்கள். கீமோ நடக்கும்போதும், முடிந்து சில மாதங்கள் வரையும் அவற்றைப் போடக்கூடாது. யாராவது 'விசாவுக்கு வேண்டும்' என்று சொன்னாலும் உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் கையை நீட்டாதீர்கள். உடல்நிலை இடம் கொடுக்காத ஊசி என்று மெடிக்கல் மருத்துவர் குறித்தாலே போதும், அதற்கு விலக்கு கிடைக்கும். தனி மனுவோ கட்டணமோ கிடையாது. இதற்கும் நோயைச் சொல்லியிருக்க வேண்டும், பாருங்கள்.

சரி, நோய் கதவை அடைக்காது என்றேன். அப்படியானால் கவலையே வேண்டாமா? வேண்டும். உங்கள் விஷயத்தில் உண்மையான சிக்கல் பணத்தில்தான் இருக்கிறது, இந்தப் பகுதியைக் கணவர் இரண்டு தடவை படிக்கட்டும்.

வருகிறவர் அரசாங்கத்துக்குச் சுமையாகிவிடுவார் என்று தோன்றினால் விசா மறுக்கலாம் என்ற விதி அமெரிக்காவில் 1882 முதல் இருக்கிறது. வயது, உடல்நலம், குடும்ப நிலை, சொத்து வருமானம், படிப்பு, தொழில்திறன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அதிகாரி முடிவு செய்ய வேண்டும். இத்தனை காலம், மனைவியை நான் ஆதரிப்பேன் என்று கணவர் கையெழுத்திடும் ஆதரவுப் பத்திரம் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் 2025 நவம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. இதய நோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற பெருஞ்செலவு வைக்கும் நோய்கள் இருப்பவர்கள், அரசு உதவி இல்லாமல் வாழ்நாள் சிகிச்சைச் செலவைத் தாங்குவார்களா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அதனால் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்கிறபோது 'என் கணவருக்கு நல்ல சம்பளம்' என்ற ஒரு வரி போதாது. செலவுக்கு என்ன வழி என்று காகிதத்தில் காட்ட வேண்டும்.

ஆதரவுப் பத்திரத்துக்கான குறைந்தபட்ச வருமானம் வறுமைக்கோட்டின் 125 விழுக்காடு. 2025ஆம் ஆண்டுக் கணக்குப்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு அது 26,437 டாலராக இருந்தது. கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவருக்கு அது பெரிய தொகை அல்ல. ஆனால் உங்கள் நிலைமையில் குறைந்தபட்சத்தோடு நின்றுவிட வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே குடியிருக்கும் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ ஒருவர் கூட்டு ஆதரவாளராகக் கையெழுத்திட முன்வந்தால் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவரின் சேமிப்புக் கணக்கு, சொந்த வீடு இருந்தால் அதன் பத்திரம், இவற்றையும் வையுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கனமான காகிதம் மருத்துவக் காப்புறுதி பற்றியது. 2014 முதல் அமெரிக்காவில், கம்பெனி வழியாகக் கிடைக்கும் காப்புறுதியோ, தனி நபர்களுக்கு அரசின் காப்புறுதிச் சந்தையில் விற்கும் காப்புறுதியோ, ஏற்கெனவே இருக்கும் நோயைக் காட்டி ஒருவரைச் சேர்க்க மறுக்க முடியாது, அந்த நோய்க்கான சிகிச்சையை ஒதுக்கவும் முடியாது. கணவர் இந்த வாரமே தன் அலுவலகத்து மனிதவளப் பிரிவில் கேட்கட்டும். மனைவியை எப்போது சேர்க்கலாம், மாதம் எவ்வளவு பிடிப்பார்கள், எந்தத் தேதியிலிருந்து காப்பு தொடங்கும், வருடத்தில் கையிலிருந்து போகக்கூடிய உச்சத் தொகை எவ்வளவு. இத்தனையும் கம்பெனித் தாளில் எழுதிக் கையெழுத்தோடு வேண்டும். வருடத்தில் சில வாரங்கள்தான் சேர்க்கை திறந்திருக்கும் என்றால், உங்கள் பயணத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஏழைகளுக்கான மெடிக்கெய்டு என்ற அரசு உதவியை நம்பித் திட்டம் போட வேண்டாம். கிரீன் கார்டு பெற்ற பெரும்பாலானோருக்கு முதல் 5 ஆண்டுகள் அது கிடையாது.

உங்கள் பங்குக்கு உங்களுடைய படிப்புச் சான்றிதழ், பாலர் பள்ளி அனுபவக் கடிதம் வேண்டும். மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: நோய் எந்த நிலையில் இருந்தது, என்னென்ன சிகிச்சை எப்போது முடிந்தது, இப்போதைய நிலை, இனி என்ன மாத்திரை எத்தனை வருடம், வேலைக்குப் போக முடியுமா. உங்கள் ரிப்போர்ட்டில் ஹார்மோன் பாசிட்டிவ் என்று இருந்தால் ஐந்து வருடம் அல்லது அதற்கு மேலும் தினம் ஒரு மாத்திரை வரும். 'இனி தினம் ஒரு மாத்திரையும் கால இடைவெளிகளில் பரிசோதனையும்' என்று ஒரு நிபுணர் எழுதிய வரி, 'புற்றுநோய்' என்ற ஒற்றைச் சொல்லை அதிகாரிக்கு வேறாகக் காட்டும்.

இந்தப் பணக் காரணத்துக்காக ஒருவேளை மறுத்தாலும் அத்தோடு கதை முடிந்ததாக நினைக்க வேண்டாம். ஒரு வருடத்துக்குள் கூடுதல் ஆதாரம் கொண்டுபோய் மறுபடி பார்க்கச் சொல்லலாம். அப்படி மாறிய முடிவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சேமநிதிப் பணத்தை எடுத்துக் காட்டலாமா என்று யாராவது சொல்வார்கள். நாட்டைவிட்டுப் போவதற்காக முழுப் பணத்தையும் எடுப்பது மலேசியக் குடியுரிமையைத் துறப்பவர்களுக்கான வழி. கிரீன் கார்டுக்காக அதைச் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் கூடாது. கடும் நோய்ச் சிகிச்சைக்காக எடுக்கும் வழி ஒன்று தனியாக இருக்கிறது. இங்கே சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் அதைப் பற்றி வாரியத்தில் விசாரியுங்கள்.

இனி காலம். அவசரப்பட்டு ஓட வேண்டாம். கீமோவையும் கதிர்வீச்சையும் ஈப்போவிலேயே முடியுங்கள். நிபுணர் கிளினிக்குக்கு 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டுகிற இடம் இது. உங்கள் பாஷை பேசும் நர்ஸ் இருப்பார், கஞ்சி வைத்துத் தர அம்மா இருப்பார். நடுச் சிகிச்சையில் டாக்டரை மாற்றுவது நோயாளிக்கும் நல்லதில்லை, விசாக் கோப்புக்கும் நல்லதில்லை. பாதியில் நிற்கும் சிகிச்சைக்குத்தான் மீதிச் செலவு எவ்வளவு என்ற கேள்வி பெரிதாக எழும்.

தாமதிப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகுமுன் அமெரிக்காவில் நுழைந்தால் நிபந்தனையோடு கூடிய இரண்டு வருடக் கார்டு தருவார்கள். அது தீரும் முன் 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து இன்னொரு மனுப் போட்டு, மறுபடியும் கட்டணம், மறுபடியும் காத்திருப்பு. இரண்டு வருடம் நிறைந்த பிறகு நுழைந்தால் நேராகப் பத்து வருடக் கார்டு. உங்களுக்கு இன்னும் ஏழு மாதம்தான். உங்கள் சிகிச்சை முடியவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும்.

காத்திருக்கும்போது ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. உங்கள் கோப்பைக் கையாளும் அமெரிக்கத் தேசிய விசா மையத்தோடு ஒரு வருடம் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டால் உங்கள் பதிவை ரத்து செய்யும் நடவடிக்கை தொடங்கிவிடும். வழக்கு எண்ணைப் போட்டு அவர்கள் இணையதளத்தில் நுழைந்து பாருங்கள், அல்லது 'சிகிச்சை நடக்கிறது, வழக்கைத் தொடர விரும்புகிறோம்' என்று எழுதுங்கள். நான் இதற்குத் தைப்பூசத்தையும் தீபாவளியையும் நாளாகக் குறிக்கச் சொல்வேன், வருடத்துக்கு இரண்டு தடவை ஆகிவிடும். மெடிக்கலை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஆறு மாதம்தான் செல்லும், விசாவின் ஆயுளும் அதைப் பொறுத்தது.

அந்த ஏஜெண்டு பற்றி ஒரே பேச்சு: பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். தங்கிவிடும் எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு சுற்றிப்பார்க்கப் போகிறேன் என்று அதிகாரியிடம் சொல்வது நான் மேலே சொன்ன அதே வாழ்நாள் தடைக்குள் உங்களைத் தள்ளும். கணவர் இங்கே வரலாமே. அமெரிக்கக் கடவுச்சீட்டுக்கு மலேசியாவில் 90 நாள் வரை விசா தேவையில்லை. கீமோவில் முதல் இரண்டு தடவை அவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஒரு வழக்கறிஞராகவும் சொல்கிறேன்: அவர் வந்து போன டிக்கெட், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தது, மாதாமாதம் அனுப்பும் பணம், தினசரிப் பேச்சு எல்லாம் இது உண்மையான கல்யாணம் என்பதற்குச் சாட்சி. காகிதத்துக்காக இதையெல்லாம் செய்ய வேண்டாம். எப்படியும் செய்வார் அல்லவா, ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டால் போதும்.

'என்னை விட்டுவிடுங்கள்' என்று நீங்கள் சொன்னதைப் பற்றி. நோய் வந்த பெண் தானே விலகிக்கொள்வதுதான் நல்ல குணம் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், ஆனாலும் நம் வீடுகளில் அது காற்றோடு கலந்து இருக்கிறது. அவர் என்ன சுமக்கப் போகிறார் என்று தெரிந்துகொண்டு அவரே முடிவு செய்யட்டும், உங்கள் பயம் அவருக்காக முடிவு செய்ய வேண்டாம். அவர் கையெழுத்திடும் ஆதரவுப் பத்திரம் கனமானது, அதை மறைக்க மாட்டேன். நீங்கள் குடியுரிமை பெறும்வரை, அல்லது சமூகப் பாதுகாப்புக் கணக்கில் 40 காலாண்டு வேலை சேரும்வரை, அல்லது நீங்கள் கிரீன் கார்டை விட்டு அந்நாட்டைவிட்டே போகும்வரை, அல்லது உங்களில் ஒருவர் காலமாகும்வரை அது அவரைக் கட்டும். விவாகரத்து ஆனாலும் கட்டும். ஆனால் அந்தப் பத்திரம் உங்கள் ஆஸ்பத்திரிக் கடனுக்கெல்லாம் பிணை என்று மாமியார் வீட்டில் பயந்தால் அது சரியல்ல. உங்களைக் குறைந்தபட்ச அளவில் ஆதரிப்பதும், வறியோருக்கான அரசு உதவியை நீங்கள் வாங்கினால் அதைத் திருப்பிக் கொடுப்பதும்தான் அதன் பொறுப்பு. கணவன் மனைவி என்ற முறையில் மாநிலச் சட்டப்படி கடன் பொறுப்பு வரலாம், அது வேறு விஷயம், அதற்குத்தான் காப்புறுதியை முதலில் பார்க்கச் சொன்னேன்.

மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டால் பிறகு மனம் மாறினாலும் புதிதாகக் கட்டணம் கட்டி, வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். அப்படியே விட்டு வைப்பதற்குச் செலவில்லை. சிகிச்சை முடிகிற நாள்வரை இந்தப் பேச்சையே இருவரும் எடுக்க வேண்டாம் என்று அவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

மெடிக்கலுக்கு நாள் குறிக்கும் முன் எனக்கு மறுபடி எழுதுங்கள். விதிகள் இப்போது வேகமாக மாறுகின்றன, அன்றைக்கு என்ன நடப்பில் இருக்கிறதோ அதைப் பார்த்துக் கோப்பைச் சரிசெய்வோம். மாமியாரிடம் இதையெல்லாம் நீங்கள் சொன்னால் எதிர்த்துப் பேசுவதுபோல ஆகிவிடும் என்று தோன்றினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை என் அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். எக்ஸ்ரே தழும்பு விஷயத்தை நானே படம் வரைந்து காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர் அக்கா